ஒன்றும் போடாத பாத்தி

போன வாரம் பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாடியில் வைத்திருக்கும் ரோஜாத் தொட்டிகளுக்காக ஆன்லைனில் வாங்கிய மீன் அமிலம். இயற்கை உரம் என்று பச்சை எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு மீன் சிரிப்பதுபோல் படம் வரைந்திருந்தார்கள். மூடியைத் திருகியதும் அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கெட்டுப்போன சரக்கை அனுப்பிவிட்டார்களா, திருப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்க வந்திருந்தார். நான் மண் பரிசோதனை வேலையில் இருப்பவள் என்பது எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். துளசி வாடினால்கூட என் கதவைத்தான் தட்டுவார்கள்.

நான் பாட்டிலின் வாயில் மூக்கை வைத்து நன்றாக இழுத்தேன். அவர் இரண்டடி பின்னால் போனார். வெல்லமும் மீனும் சேர்ந்து புளித்த நாற்றம். கெடவில்லை, இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்றேன். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறையத் தண்ணீர் கலந்திருக்கிறார்கள், அசலுக்கு இதைவிட வீரியம் அதிகம் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மூடியை இறுக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். உங்களுக்கு அருவருப்பாக இருக்கலாம். எனக்கு அது என் இருபத்து மூன்றாவது வயதின் வாசனை.

வேளாண்மையில் முதுகலை முடித்த கையோடு ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். கடலோரத்தில் உப்பு ஏறிப்போன நிலத்தில் என்ன போட்டால் பயிர் பிழைக்கும் என்று பார்ப்பதுதான் திட்டம். எங்கள் பேராசிரியர் வரைபடத்தில் மரக்காணத்தைத் தொட்டுக் காட்டி, அங்கே ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொள் என்றார். நான் அதுவரை விழுப்புரத்தை விட்டுக் கல்லூரி விடுதிக்குப் போனதோடு சரி. மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது உப்பளத்துக் குவியல்களைப் பார்த்து, இவ்வளவு வெள்ளையாக எதை மூடிவைத்திருக்கிறார்கள் என்று கண்டக்டரைக் கேட்டவள் நான். மண்ணில் உப்பைப் பற்றி இருநூறு பக்கம் படித்துவிட்டு வந்தவள் கேட்ட கேள்வி அது.

சோதனை எளிமையானதுதான். ஒரே நிலத்தைப் பதினெட்டுப் பாத்திகளாகப் பிரிக்க வேண்டும். தொழு உரம், கரும்பாலைக் கழிவு, தக்கைப்பூண்டுத் தழை, மீன் கழிவு உரம், கடையில் விற்கும் ரசாயன உரம் என்று ஐந்து வகை. ஒவ்வொன்றுக்கும் மூன்று பாத்தி. மிச்சமிருக்கும் மூன்று பாத்திகளில் எதுவும் போடக்கூடாது. ஒன்றும் போடாவிட்டால் எவ்வளவு விளையும் என்று தெரிந்தால்தானே, போட்டதால் எவ்வளவு கூடியது என்று சொல்ல முடியும்? எல்லாவற்றிலும் கேழ்வரகு நட்டு, இரண்டு பருவம் பார்த்து, எடை போட்டு எழுத வேண்டும். அவ்வளவுதான்.

இதில் மீன் கழிவு உரம் என் பொறுப்பு. எக்கியார்குப்பத்தில் காலையில் படகுகள் வந்ததும் பெண்கள் உட்கார்ந்து மீன் வெட்டுவார்கள். தலையும் குடலும் செதிலுமாக ஓரத்தில் குவிவதை நான் நீல நிற டிரம்மில் அள்ளிக்கொள்வேன். அதோடு மரத்தூளும் வெல்லமும் சேர்த்து மூடிவைத்து, நாள் தவறாமல் கிளறிவிட வேண்டும். வெல்லம் வாங்கியது கூனிமேட்டில் ஒரு பாய் கடையில். மூட்டை மூட்டையாக வாங்குவதைப் பார்த்து, வீட்டில் ஏதோ விசேஷம் என்று அவர் நினைத்திருக்கிறார். மீன் குடலில் போடுவதற்கு என்று சொன்னேன். அடுத்த தடவை போனபோது ஈரம் பட்டு உருகிய வெல்லத்தை எனக்கென்று தனியாக எடுத்துவைத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை, இரண்டு தடவை குளித்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன். பத்து நிமிடத்தில் பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடத்துக்கு மாறிவிட்டாள். கண்டக்டர், யாரும்மா மீன் கூடைய உள்ள ஏத்துனது என்று கேட்டுக்கொண்டே சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். நானும் குனிந்து என் சீட்டுக்கு அடியில் பார்த்தேன். வேறு என்ன செய்வது?

நிலம் பிலோமினா அக்காவுடையது. அவள் அப்பா கொடுத்த நிலம், ஊரிலிருந்து கோயிலுக்குப் போகும் வழியில் இருந்தது. உள்ளே ஒரு கிணறு, எல்லாப் பாத்திக்கும் அதிலிருந்துதான் பாய்ச்சினோம். கோயில் என்றால் மாதா கோயில். அப்போது அவளுக்கு முப்பத்தி இரண்டு, முப்பத்தி மூன்று வயது இருக்கும். கணவர் ஆரோக்கியம் உப்பளத்தில் வேலை. உப்பு வாரும் மாதங்களில் விடிவதற்குள் போய்விடுவார், அதிகம் பேசமாட்டார். நிலத்தைப் பார்த்துக்கொண்டது முழுக்க அவள்தான். மூன்று ஆடு, ஒரு பெண் குழந்தை, நாளெல்லாம் ஓயாத பேச்சு. முதல் வாரம் என்னை மேடம் என்றாள். இரண்டாவது வாரம் நான் வரப்பில் சறுக்கி உரக் குழியில் விழுந்தேன். அதோடு மேடம் போய் ஏம்மா ஆகிவிட்டது.

எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை நாம் விருப்பப்படி முடிவு செய்யக்கூடாது, சீட்டுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பதினெட்டுச் சீட்டை மடித்து முறத்தில் போட்டுக் குலுக்கினேன். அக்கா ஒவ்வொன்றாக எடுத்தாள். முதல் பாத்தி, பாதையை ஒட்டியது. அதற்கு வந்தது ஒன்றும் இல்லை என்கிற சீட்டு.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "இத உள்ள எங்கனா மாத்திக்கக் கூடாதா?" என்று கேட்டாள். கூடாது என்றேன். அப்படியென்றால் சீட்டை இன்னொரு தடவை போடலாமே என்றாள். அதுவும் கூடாது, ஒன்றும் போடாமல் எவ்வளவு விளையும் என்று தெரிந்தால்தான் போட்டது வேலை செய்ததா என்று தெரியும் என்றேன். புத்தகத்தில் படித்ததை முதல் தடவையாக ஒருவரிடம் கறாராகச் சொல்கிற சந்தோஷம் எனக்கு. அவள் அடுத்த சீட்டை எடுத்தாள்.

முதல் பருவம் பெரிய சங்கடம் இல்லாமல் போயிற்று. மழை உப்பைக் கீழே இறக்கிவிட்டுப் போயிருக்கும். தை மாதம் வரை பதினெட்டுப் பாத்தியும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். மாசி வெயில் ஏறியதும் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். மண்ணின் மேல் உப்பு வெள்ளையாகப் பூக்கும். ஒன்றும் போடாத பாத்திகளில் இலை நுனி கருகும், தூர் கட்டிக் கிளைக்காது, பயிர் முழங்கால் உயரத்தைத் தாண்டாது. எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஏன் சந்தோஷம் என்றால், அந்த மூன்றும் கருகினால்தான் மற்றவை நன்றாக இருக்கிறது என்று எழுத முடியும். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கருகலை ஆசை ஆசையாக அளப்பேன். அக்கா அந்தப் பக்கம் திரும்பாமல் வேறு வேலை பார்ப்பாள். அதை நான் கவனித்தேன் என்று இப்போது சொல்கிறேன். அப்போது கவனித்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

இரண்டாம் பருவம். மாசி நடுவில் ஒருநாள் நிலத்துக்குப் போனேன். பாதை ஓரத்துப் பாத்தி கரும்பச்சையாக நின்றது. உள்ளே இருக்கும் மற்ற இரண்டு வெறும் பாத்திகளும் போன வருடம் போலவே கருகிக் கிடக்க, இது மட்டும் தொழு உரம் போட்ட பாத்தியோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தது. எண்ணை மாற்றிப் பார்த்துவிட்டேனோ என்று வரைபடத்தை இரண்டு தடவை சரிபார்த்தேன். முதல் பாத்திதான். அக்காவைக் கேட்டதற்கு, மண்ணுக்குள்ள என்னா இருக்குதோ யாருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு ஆட்டை விரட்டப் போய்விட்டாள். ஆடு கட்டித்தான் இருந்தது. அதுவும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்தப் பாத்தியில் மண் எடுத்து, அறையில் செய்தித்தாள் மேல் காயவைத்து, தட்டிச் சலித்தேன். சல்லடையின் மேல் ஏதோ மின்னியது. மீன் செதில். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்று. கிளறிப் பார்த்ததில் இன்னும் இரண்டு.

மீன் உரத்தை நிலத்தில் போட்டது நான். போட்ட அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். நடுவில் உட்கார்ந்து எழுந்து, எத்தனையாவது கூடை என்பதையே ஒரு தடவை மறந்துபோனேன். தலை சுற்றலில் ஒரு கூடையைப் பாதை ஓரத்தில் கொட்டிவிட்டேன் போலிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டேன். இரண்டு வருட வேலையை என் கையாலேயே கெடுத்துவிட்டேன். பேராசிரியரிடம் என்ன சொல்வது? கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு என்னை இங்கே அனுப்பியிருக்கும் அப்பாவிடம் என்ன சொல்வது? செதில் மூன்றையும் ஜன்னல் வழியாக வெளியே போட்டேன்.

பங்குனியில் அறுவடை. ஒவ்வொரு பாத்தியின் கதிரையும் தனித்தனியாக அடித்து, அக்கா தராசைப் பிடிக்க நான் எழுதினேன். முதல் பாத்தியின் எடையைப் பென்சிலில் எழுதினேன். அது மற்ற இரண்டு வெறும் பாத்திகளைப்போல இரண்டு மடங்குக்குமேல் இருந்தது. அறைக்கு வந்து கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அந்த எண்ணை ரப்பரால் அழித்தேன். மற்ற இரண்டு எடைகளுக்கும் நடுவில் பொருத்தமாக ஓர் எண்ணை யோசித்து எழுதினேன். ரொம்ப யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரியாக நடுவில் வைத்தால் சந்தேகம் வரும் என்று கொஞ்சம் தள்ளி வைத்தேன். திருட்டுத்தனத்தில் எனக்கு இவ்வளவு புத்தி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பேராசிரியருக்கு அறிக்கை போயிற்று. நன்றாகச் செய்திருக்கிறாய் என்று பதில் வந்தது.

ஈஸ்டருக்கு அக்கா வீட்டில் எனக்குச் சாப்பாடு. மறுநாள் திங்கள்கிழமை காலை, மீதமிருந்த பிரியாணியைத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு அவளே என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்மா," என்றாள். "அந்தப் பாதை ஓரத்துப் பாத்திக்கு நாந்தான் ஊத்தினேன்."

அவளே சொன்னாள். ஆட்டுப் புழுக்கையை ஊறவைத்த தண்ணீர், மீன் கழுவின தண்ணீர். சாயங்காலம் நான் அறைக்குப் போன பிறகு, வாரத்தில் இரண்டு மூன்று நாள். உள்ளே இருக்கிற மற்ற இரண்டு பாத்தியும் கண்ணில் படவில்லை, அதனால் அதுகளைத் தொடவில்லை. இது தினமும் கண் எதிரில் நிற்கிறது. கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்து, உன் புருஷன் உப்புலயே சம்பாதிக்கிறான்னு நிலத்தப் பட்டினி போடுறியா பிலோமினா என்று கேட்கிறார்களாம். முதல் வருடம் பொறுத்துக்கொண்டாள். இரண்டாம் வருடம் முடியவில்லை.

"ஈஸ்டருக்கு முன்னாடி பெரிய வாரத்துல பாவசங்கீர்த்தனம் பண்ணப்போ கோயில் சாமியார்கிட்ட இதையும் சொன்னேன். பயிருக்குத் தண்ணி ஊத்துறது பாவமில்லம்மான்னுட்டாரு. அப்பறம் நான் எழுந்திரிச்சப்போ கூப்புட்டு, அந்தப் பொண்ணாண்ட சொல்லிடுன்னாரு."

முதலில் எனக்கு வந்தது சிரிப்பு. நான் கூடை மாற்றிக் கொட்டவில்லை, என் தப்பில்லை என்கிற நிம்மதியில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவள் திட்டு வாங்கத் தயாராக வந்தவள், குழம்பிப்போய் நின்றாள். சிரித்து முடித்ததும் ரப்பர் ஞாபகத்துக்கு வந்தது. அவள் ஊற்றியது தெரிந்து நான் அந்த எண்ணை அழிக்கவில்லை. என் பயத்தை வைத்து ஒரு பொய்யை எழுதியிருக்கிறேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செதிலை வெளியே போட்டது, எண்ணை அழித்தது, யோசித்து யோசித்து வேறு எண்ணை வைத்தது.

அக்காவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "அழிச்சிட்டியா? அம்மாம் வெளைஞ்சத அழிச்சிட்டியா?" என்று கேட்டாள். அவள் எனக்காக வருத்தப்படுவாள், ஆறுதல் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ அவள் பாத்தி கொடுத்த கேழ்வரகு கணக்கில் வராமல் போனதற்காகப் பொருமினாள். தராசை அவள்தானே பிடித்திருந்தாள். எடை அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. இன்னும் சொல்லட்டுமா, அந்தக் கோபம்தான் என்னை எழுப்பியது. சாமியாருக்கு இருந்த பொறுமை எனக்கும் அவளுக்கும் இல்லை. மறுநாளே பேராசிரியரைப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. அவளும் வருவேன் என்றாள். ஈஸ்டருக்கு எடுத்த புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

மூன்று மணி நேர பஸ் பயணம். அவள் முன் சீட்டுக்காரியோடு மல்லாட்டை விலை பேசிக்கொண்டு வந்தாள். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்பார்கள்.

பேராசிரியர் அக்காவை உட்காரச் சொன்னார். என்னைச் சொல்லவில்லை, ஆனால் நானும் உட்கார்ந்திருக்க மாட்டேன். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, இந்த எண் பொய் என்று சொன்னேன். ஏன், எப்படி என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கோபக்காரர் இல்லை. ஆனால் அந்த அறிக்கையை அதற்குள் மேலே அனுப்பிவிட்டார். ஒரு கூட்டத்தில் அதைப் படித்தும்விட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு என்னைத் திட்டினார். குரலை உயர்த்தாமல், ஒரு வார்த்தையும் வீணாக்காமல் திட்டினார். அதை இங்கே எழுத எனக்கு இன்னும் தைரியம் இல்லை.

அக்கா குறுக்கே புகுந்து, அது பயந்துகிச்சிங்க, மொதல்ல தப்பு பண்ணவ நான்தாங்க என்றாள். அவர் அவள் பக்கம் திரும்பினார். மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எவ்வளவு புழுக்கைக்கு எத்தனை குடம் தண்ணி ஊத்துனீங்க?" என்று கேட்டார்.

கணக்கு வைக்கவில்லை என்றாள் அக்கா. அப்படியானால் பாத்திரம் எவ்வளவு பெரியது, எத்தனை நாள் ஊறியது, மீன் கழுவிய தண்ணீரில் உப்பு போட்டுத் தேய்த்ததா, போடாததா, ஊற்றியது வேரிலா, இலை மேலேயா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே ஒரு தாளில் எழுத ஆரம்பித்துவிட்டார். அரைமணி நேரம் ஆயிற்று. நான் நின்றுகொண்டே இருந்தேன். நடுவில் டீ வந்தது. இரண்டு டீதான் வந்தது. அக்கா தன்னுடையதில் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

கடைசியில் அவர் தீர்மானமாகச் சொன்னார். அனுப்பிய அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அவரே கடிதம் எழுதுவார். இந்தப் பருவத்து எண்களைச் சோதனைக் கணக்கில் சேர்க்க முடியாது. நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கக்கூடாது. நடந்ததை அதே பக்கத்தில் மையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொரு பருவம் செய்ய வேண்டும். ஆனால் திட்டக் காலம் முடிந்துவிட்டது, இனி உதவித்தொகை கிடையாது. செய்வதும் விடுவதும் உன் இஷ்டம் என்றார்.

அந்தப் பக்கத்தில் பொய் எண்ணை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, பக்கத்தில் உண்மையான எடையை எழுதினேன். எழுதும்போது அக்கா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிராம் வரை சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

அப்பாவிடம் இன்னும் ஒரு வருடம் கேட்டதில் வீட்டில் நடந்ததை விட்டுவிடுகிறேன். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். வாடகை அறையை விட்டுவிட்டு, ஒரு பையும் நாலு புத்தகமுமாக அக்கா வீட்டுக்கே குடிபோனேன். ஆரோக்கியம் அண்ணன் தட்டியால் ஒரு பக்கத்தை மறைத்து எனக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார். மீன் டிரம்மை மட்டும் கொல்லைக்கு அந்தப்புறம், காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிற இடமாகப் பார்த்து வைக்கச் சொன்னார். இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன மிக நீளமான வாக்கியம் அது.

மூன்றாம் பருவத்தில் ஒரு போர்டு வைத்தோம். இது ஆராய்ச்சி நிலம், இந்தப் பாத்தியில் வேண்டுமென்றேதான் எதுவும் போடவில்லை என்று எழுதி, பாதையைப் பார்த்து நட்டோம். அதனால் கேள்வி நின்றதா என்றால், இல்லை. முன்பெல்லாம் சும்மா கேட்டுவிட்டுப் போனவர்கள், இப்போது போர்டைப் படித்துவிட்டு வந்து வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டார்கள். அக்கா எல்லோருக்கும் பொறுமையாகச் சொன்னாள். ஒண்ணும் போடாம எவ்ளோ வெளையும்னு தெரிஞ்சாத்தான் போட்டது வேல செஞ்சுதான்னு தெரியும் என்று, நான் சீட்டுக் குலுக்கிய அன்றைக்குச் சொன்னதை அதே கறாரோடு சொல்வாள். என்னைவிட நன்றாகச் சொன்னாள் என்று நினைக்கிறேன். ஒருவர்கூட மறுபடி கேட்கவில்லை.

ஆனால் மாசி பிறந்து இலை நுனி கருகத் தொடங்கியதும் அவள் கோயிலுக்கு அந்தப் பாதையில் போவதை விட்டுவிட்டாள். உப்பளத்து வரப்பைச் சுற்றிக்கொண்டு, இருபது நிமிடம் கூடுதலாக நடந்து போவாள். எனக்கு அது முதலில் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் செருப்பில் உப்புச் சேறு அப்பியிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டேன். காத்து நல்லா வருது அந்தப் பக்கம் என்றாள்.

பங்குனி தொடக்கத்தில் ஒருநாள் என்னிடம் வந்து, "அந்தப் பாத்தியில களை எடுக்கலாமா? அது ஒண்ணும் தப்பில்லியே?" என்று கேட்டாள்.

எடுக்கலாம் என்றேன். களை எல்லாப் பாத்திக்கும் ஒரே மாதிரிதான் எடுத்துக்கொண்டிருந்தோம். அதில் விதி எதுவும் மீறவில்லை. அவள் போய் உட்கார்ந்தாள். அந்தச் சின்னப் பாத்தியில் களை என்று பார்த்தால் ஒரு கைப்பிடிகூட இருக்காது. உப்பில் களைக்கும் கஷ்டம்தான். ஆனால் அவள் அங்கே வெயில் ஏறும்வரை இருந்தாள். ஒவ்வொரு தூராக விரலை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தாள். கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது, குடிக்க எடுத்துப் போனது. அதிலிருந்து ஒரு சொட்டு கீழே விடவில்லை. நான் வேண்டுமென்றே தள்ளி நின்றுகொண்டிருந்தேன். காவல் காப்பதாக அவள் நினைத்துவிடக் கூடாது என்று பயம். கருகின இலையை ஆசை ஆசையாக அளந்தவள், அன்றைக்கு நோட்டைத் திறக்கவில்லை.

அந்த வருடம் எடை எல்லாம் ஒழுங்காக வந்தது. மூன்று வெறும் பாத்திகளும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்து நின்றன. பேராசிரியர் திருப்தியாகத் தலையாட்டினார். முடிவைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறீர்களா? என் மீன் உரம் ஜெயிக்கவில்லை. பஸ்ஸில் என்னை அவமானப்படுத்திய, என் துணிகள் எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்த அந்த உரம் மூன்றாவதாக வந்தது. யாரும் கஷ்டப்படாமல் லாரியில் வந்து இறங்கிய கரும்பாலைக் கழிவு முதலில் வந்தது. அக்காவிடம் சொன்னேன். அவள் தன்னுடைய ஆட்டுப் புழுக்கைத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கேட்டாள். அது கணக்கில் இல்லையே அக்கா, ஒரே ஒரு பாத்தி, ஒரே ஒரு பருவம், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றேன். சொல்ல வேண்டாம், சும்மா பக்கத்தில் வைத்துப் பார் என்றாள். வைத்துப் பார்த்தேன். என் மீன் உரத்துக்கு ஒரு படி மேலே இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவளோடு பேசவே முடியவில்லை.

வெறும் பாத்திகளின் கேழ்வரகை எடை போட்ட பிறகு அவள் மற்றதோடு கலக்கவில்லை. தனியாகத் திரித்து, ஒரே தடவை கூழ் காய்ச்சினாள். ஆரோக்கியம் அண்ணன், குழந்தை, நான், அவள் நாலு பேரும் குடித்தோம். உடன் சின்ன வெங்காயம். ருசியில் எந்த வித்தியாசமும் இல்லை. அவளும் முதல் வாய் குடித்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்து, நல்லாத்தாம்மா இருக்குது என்றாள்.

நான் வேலை கிடைத்துப் போய்விட்டேன். ஈஸ்டருக்கு ஈஸ்டர் போன் பேசுவோம். நோட்டுப் புத்தகம் கல்லூரியில்தான் இருந்தது. துறையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியபோது பழைய கட்டுகளை எல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பேராசிரியர் இப்போது இல்லை. எக்கியார்குப்பத்தில் மீன் கழிவை யாரும் கரையில் போடுவதில்லையாம். தீவனத்துக்கு என்று வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. உப்பளத்து வெயில் அண்ணனின் கண்ணைக் கெடுத்துவிட்டது. மகள் நர்ஸாகிச் செங்கல்பட்டில் இருக்கிறாள். நிலத்தை விற்றுவிட்டு இருவரும் அவளோடு போய்விட்டார்கள். விற்றதில் வருத்தமா என்று ஒரு தடவை கேட்டேன். அவள் சிரித்தாள். முப்பது வருஷம் குனிஞ்சிருக்கேன், இப்ப கொஞ்சம் நிமிந்து உக்காறேனே என்றாள்.

போன வருடம் ஒரு வேலையாகப் புதுச்சேரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மரக்காணத்தில் இறங்கினேன். சாலையை அகலப்படுத்தியிருக்கிறார்கள். நிலத்துக்குப் போகும் திருப்பமே எனக்குத் தெரியவில்லை. ஒரு ஆட்டோக்காரர்தான் மாதா கோயில் வழி என்றதும் கொண்டுபோய் விட்டார். அங்கே மனைப்பிரிவு போட்டிருந்தார்கள். சிவப்புக் கிராவல் கொட்டி இரண்டடி உயர்த்தி, மஞ்சள் அடித்த கல் நட்டிருந்தார்கள். வீடு ஒன்றும் இன்னும் வரவில்லை. என் வாழ்நாளில் நான் வேறு எந்த மண்ணையும் அந்த அளவுக்குத் தெரிந்துவைத்திருந்ததில்லை. அது இப்போது கீழே, வேறெங்கிருந்தோ வந்த மண்ணுக்கு அடியில் இருந்தது.

நின்ற இடத்திலிருந்தே அக்காவுக்குப் போன் போட்டேன். எங்கே இருக்கிறேன் என்று சொன்னேன். கிராவல் கொட்டியிருப்பதை, கல் நட்டிருப்பதைச் சொன்னேன். ம், ம் என்று கேட்டுக்கொண்டாள். எல்லாம் நான் எதிர்பார்த்ததுபோல அவளுக்குச் சாதாரணமாகவே இருந்தது. பிறகு கேட்டாள்.

"கெணறு இருக்குதா?"

சுற்றிலும் பார்த்தேன். மூடிட்டாங்க போலருக்குக்கா என்றேன்.

"நல்ல தண்ணிம்மா அது," என்றாள். "கடலுக்கு அவ்ளோ கிட்டக்க அப்பிடி ஒரு தண்ணி கெடைக்காது."

சாப்பிட்டாயா, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். நான் கிணறு இருந்த இடத்தையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே நடந்தேன். அந்த நிலத்தைக் கயிறு பிடித்து, அடி அடியாக அளந்து, படம் வரைந்தவள் நான். மஞ்சள் கற்களுக்கு நடுவே இந்தப் பக்கம் கொஞ்ச தூரம், அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன். கிராவல் எல்லா இடத்திலும் ஒரே மட்டமாக இருந்தது. எங்கே என்று என்னால் சொல்ல முடியவில்லை.